ஏசி வேலைக்கு டிஜிட்டல் கேஜ் வாங்குவது எப்படி: கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐடிஐயில் ஏசி மெக்கானிக் முடித்தோ, ஒரு கடையில் ஹெல்பராக இருந்து தொழில் பழகியோ, இப்போது தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேஸின் பிரஷரைப் பார்க்க, நீலமும் சிவப்புமாக முள் கேஜ் ஒரு செட் கையில் இருக்கிறது. டிஜிட்டலுக்கு மாறலாமா, எதை வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நானும் இந்தக் குழப்பத்தில் நெடுநாள் அலைந்தேன். கடை கடையாக விசாரித்து, கம்பெனிகளின் ஸ்பெக் தாள்களைப் படித்து, மற்றவர்களின் கருவியை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துத்தான் தெளிவு வந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரஷரை எண்ணில் பார்ப்பதற்கு மட்டும் டிஜிட்டல் கேஜ் வாங்க வேண்டாம். அதை முள்ளும் காட்டும். சூப்பர்ஹீட் (கேஸ் அதன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது), சப்கூல் (திரவம் அதன் கொதிநிலையைவிட எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது) இரண்டையும் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டுவதற்காகத்தான் அது வேண்டும். அதற்குப் பிரஷரோடு பைப்பின் வெப்பநிலையும் தேவை. பைப்பைக் கவ்விப் பிடித்து அதன் வெப்பநிலையை அளக்கும் கிளாம்ப் இல்லாத டிஜிட்டல் கேஜ் பாதிக் கருவிதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பேக் பிரஷர், அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் பிரஷர், குறைவாக இருக்கிறது என்றால் பலரும் உடனே கேஸ் ஏற்றுகிறார்கள். இன்டோர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் பேக் பிரஷர் இறங்கும், கேஸ் குறைந்தாலும் இறங்கும். கேப்பிலரி (திரவத்தின் பிரஷரைக் குறைக்கும் மெல்லிய குழாய்) போட்ட மெஷினில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது சூப்பர்ஹீட். கேஸ் குறைந்தால் அது ஏறும், காற்று போகாவிட்டால் அது இறங்கும். ஃபில்டர் அடைத்த மெஷினுக்குக் கேஸ் ஏற்றிவிட்டு வந்தால், யாரோ ஃபில்டரைக் கழுவிய மறுநாள் அது ஓவர்சார்ஜில் ஓடும். வீட்டுக்காரருக்குக் கரண்ட் பில் ஏறும், கம்ப்ரசருக்கும் கேடு.

1. முதலில் உங்கள் வேலையைத் தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் இதை முடியுங்கள். கடந்த சில மாதங்களில் எந்தெந்த மெஷினைத் தொட்டீர்கள், அவற்றில் என்ன கேஸ் என்று ஒரு பட்டியல் போடுங்கள். லாஸ்பேட்டை, மஞ்சக்குப்பம் மாதிரி குடியிருப்புப் பகுதிகளில் வேலை செய்கிறவருக்கு இப்போது பெரும்பாலும் ஆர்32 ஸ்பிளிட்தான். நடுவில் ஆர்410ஏ, பழைய மெஷின்களில் ஆர்22. கோத்ரெஜ் மெஷின் சிலவற்றில் ஆர்290. வீட்டு ஃபிரிட்ஜ் என்றால் ஆர்600ஏ, ஆர்134ஏ. மருந்துக் கிடங்கு, இறைச்சிக் கடை, ஹோட்டல் கோல்டு ரூம் பக்கம் போனால் ஆர்404ஏ வரும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வீட்டு ஸ்பிளிட் அவுட்டோரில் பெரும்பாலும் ஒரே ஒரு சர்வீஸ் போர்ட்தான் (கேஜ் மாட்டும் வாய்), அதுவும் சக்ஷன் பக்கம், அதாவது கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் பக்கம். கேப்பிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால், வெளியே வரும் மெல்லிய பைப்பிலும் கூலிங் ஓடும்போது குறைந்த பிரஷர்தான். ஆகவே ஸ்பிளிட் மட்டும் பார்ப்பவருக்கு இரட்டைக் கேஜில் உயர்ந்த பிரஷரைப் பார்க்கும் சிவப்புப் பக்கம் ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும். சப்கூல் பார்க்கவும் அங்கே வழி இல்லை. டக்டபிள் (குழாய் வழியே காற்றை அனுப்பும் ஏசி), விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இன்டோர் ஓடும் ஏசி), கோல்டு ரூம், கார் ஏசி செய்கிறவருக்குத்தான் இரண்டு பக்கமும் வேண்டும்.

கடலூர் முதுநகர், தேங்காய்த்திட்டு துறைமுகப் பக்கம் ஐஸ் பிளான்ட் வேலைக்குக் கூப்பிட்டால் ஒரு எச்சரிக்கை. ஐஸ் பிளான்ட்களில் பெரும்பாலும் ஓடுவது அம்மோனியா. நம் கேஜின் பித்தளை பாடியை அம்மோனியா அரித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அதில் மாட்டக் கூடாது. அதற்கு ஸ்டீல் பாடி கேஜ் தனி, பயிற்சியும் பாதுகாப்பு ஏற்பாடும் தனி. பழகாதவர் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

2. ஒற்றையா, இரட்டையா, வயர்லெஸ்ஸா?

சந்தையில் மூன்று வகை.

ஒற்றை டிஜிட்டல் கேஜ்: பழைய மேனிஃபோல்டில் (கேஜும் வால்வும் பொருத்திய கட்டை) முள் கேஜைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம். விலை குறைவு. பலவற்றில் கிளாம்ப் கிடையாது. பிரஷருக்கு உரிய கொதிநிலையை மட்டும் காட்டும், பைப் வெப்பநிலையைத் தனித் தெர்மாமீட்டரில் பார்த்து நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும். கைச் சுருக்கமாக இருக்கும்போது இது மோசமான தொடக்கம் இல்லை.

இரட்டை டிஜிட்டல் மேனிஃபோல்ட்: நாம் பொதுவாக டிஜிட்டல் கேஜ் என்று சொல்வது இதைத்தான். இரண்டு கிளாம்ப் வைக்கலாம். இரண்டு வால்வு, நான்கு வால்வு என்று வரும். நான்கு வால்வில் வேக்கம் பம்புக்கும் (பைப்பில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பது) சிலிண்டருக்கும் தனித்தனி வழி இருப்பதால், வேக்கம் முடிந்ததும் ஹோஸைக் கழற்றாமலே சார்ஜ் செய்யலாம் (கேஸ் ஏற்றலாம்), காற்று உள்ளே போகாது. பெரிய மெஷின் செய்கிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். ஸ்பிளிட்டுக்கு இரண்டு வால்வே போதும்.

வயர்லெஸ் புரோப்: போர்ட்டில் நேராகத் திருகிவிட்டு, ரீடிங்கை ஃபோனில் பார்ப்பது. டெஸ்டோவின் 549ஐ பிரஷர் புரோப், 115ஐ கிளாம்ப் இந்த வகை. ஹோஸே தேவையில்லை என்பதால் செக் பண்ண மட்டும் போகிற வேலைக்கு இது மிக நல்லது. ஒன்றரை மீட்டர் ஹோஸ் ஒன்றில் திரவ ஆர்32 நிறைந்தால் ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் வரை நிற்கும். ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் கேஸ் வீணாவதை இது தவிர்க்கிறது. ஃபோன் பேட்டரி தீர்ந்தால் வேலை நின்றுவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிளிட் வேலை மட்டும் என்றால் என் தேர்வு ஒரு பிரஷர் புரோபும் ஒரு கிளாம்பும்தான். சார்ஜ் செய்ய இருக்கிற முள் கேஜும் ஹோஸும் போதும்.

3. ஸ்பெக் தாளில் துல்லியம் எழுதிய வரியைப் படியுங்கள்

“தம்பி, இதுல தொண்ணூறு கேஸ் இருக்கு” என்றுதான் கடையில் முதலில் சொல்வார்கள். தொண்ணூறும் உங்களுக்கு எதற்கு? நீங்கள் எழுதிய பட்டியலில் உள்ள ஆறேழு கேஸ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆர்32, ஆர்290, ஆர்600ஏ மூன்றும் சில பழைய மாடல்களில் இருக்காது. ஆப் வழியாகப் புதிய கேஸ்களைச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் துல்லியம். ±0.5 சதவீதம் என்று போட்டிருக்கும். பக்கத்தில் “ஃபுல் ஸ்கேல்” என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதாவது, நீங்கள் பார்க்கும் ரீடிங்கில் அரை சதவீதம் இல்லை, கேஜ் காட்டக்கூடிய அதிகபட்ச அளவில் அரை சதவீதம். 60 பார் கேஜ் என்றால் 0.3 பார், ஏறக்குறைய 4.4 பிஎஸ்ஐ. ரீடிங் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தப் பிழை அப்படியே நிற்கும்.

இது வேலையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். ஆர்32 மெஷினில் பேக் பிரஷர் 120 பிஎஸ்ஐ என்றால் கொதிநிலை 4 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அங்கே 4.4 பிஎஸ்ஐ பிழை வந்தால் ஒரு டிகிரி மாறும். பொறுத்துக்கொள்ளலாம். அதே பிழை ஆர்22-இல் ஒன்றரை டிகிரியைத் தாண்டும். விலை குறைந்த கேஜில் 1 சதவீதம் என்று போட்டிருந்தால் இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 6 டிகிரி சூப்பர்ஹீட்டைத் தேடும் இடத்தில் மூன்று டிகிரி பிழை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஃபிரிட்ஜில்தான் இது பெரிய பொறி. ஆர்600ஏ மைனஸ் 25 டிகிரியில் கொதிக்கும்போது அதன் பிரஷர் காற்று மண்டலத்தைவிடக் குறைவு, வெற்றிடத்திலிருந்து எண்ணும் முழுக் கணக்கில் 0.6 பார்கூட இல்லை. அங்கே 0.3 பார் பிழை என்றால் கேஜ் மைனஸ் 40-உம் காட்டலாம், மைனஸ் 15-உம் காட்டலாம். ஜீரோ செய்துவிட்டு (எதிலும் மாட்டாதபோது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்துவிட்டு) பார்த்தால் பெரும்பாலும் இதைவிடச் சரியாகவே காட்டும். ஆனால் கம்பெனி எழுத்தில் உறுதி கொடுப்பது அவ்வளவுதான். ஆகவே ஃபிரிட்ஜ் வேலைக்காக டிஜிட்டல் கேஜ் வாங்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் முதலில் நல்ல எடைத் தராசு வாங்குங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஆர்600ஏ மொத்தமே பல மாடல்களில் 60 கிராமுக்குள். ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும் இடம் அது.

இன்வெர்ட்டர் ஏசிக்கும் இதே புத்திமதி பாதி பொருந்தும். கம்ப்ரசர் வேகம் மாற மாற பிரஷரும் மாறும். எலக்ட்ரானிக் வால்வு சூப்பர்ஹீட்டைத் தானே சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் கேஜ் வைத்திருந்தாலும் சார்ஜை முடிவு செய்வது நேம்பிளேட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குதான். மெஷினை டெஸ்ட் மோடில் ஓடவிட்டு, செய்தது சரியா என்று பார்க்கத்தான் அங்கே கேஜ்.

4. கிளாம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கேஜோடு வரும் கிளாம்ப் எந்தப் பைப் அளவு வரை பிடிக்கும் என்று பாருங்கள். கால் இஞ்ச், முக்கால் இஞ்ச் இரண்டிலும் ஆடாமல் நிற்க வேண்டும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ரீடிங் குறைந்தும் கூடியும் ஓடும். ஒயர் நீளம் ஒன்றரை மீட்டராவது இல்லாவிட்டால் சன்ஷேடில் தொங்கும் அவுட்டோரில் சிரமப்படுவீர்கள்.

கிளாம்ப் கெட்டால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும்போதே கேளுங்கள். ஒயர் இழுபட்டு முதலில் போவது இதுதான். சில கம்பெனிகளின் பிளக் அவர்களுக்கே உரியது, வேறு எதுவும் பொருந்தாது. கே டைப் தெர்மோகப்பிள் (பொதுவாகப் புழங்கும் வெப்பநிலை சென்சார்) பொருத்தும் மாடல் என்றால் வெளியேயும் கிடைக்கும்.

மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வேலை செய்யும்போது கிளாம்பின் மேல் நேராக வெயில் விழுந்தால் பைப்பின் வெப்பநிலை தவறாகக் காட்டும். இன்சுலேஷன் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டுப் படியுங்கள்.

5. வேக்கத்துக்கு மைக்ரான் கேஜ் தனி

மேனிஃபோல்டின் பிரஷர் சென்சாரே வேக்கத்தையும் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் மாடல்கள் உண்டு. அது பாதரச அளவில் 29.9 இஞ்ச் என்று காட்டும், அவ்வளவுதான். நமக்கு வேண்டிய 500 மைக்ரான் என்பது உள்ளே மிஞ்சும் அரை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். 60 பார் வரை அளக்கும் சென்சாரால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. தனி வேக்கம் சென்சார் உள்ளேயே இருக்கிறதா, அல்லது வெளியே தனிப் புரோபாக வருகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஃபீல்ட்பீஸின் சில மாடல்களில் உள்ளேயே இருக்கிறது. டெஸ்டோ 557எஸ்ஸுக்கு வெளிப் புரோப் வருகிறது. இல்லையென்றால் மைக்ரான் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறே இல்லை.

கடலோரத்தில் இது வீண் செலவா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கேதான் இது மிக வேண்டும். ஆர்32, ஆர்410ஏ கம்ப்ரசர்களில் உள்ள ஆயில் ஈரத்தை உறிஞ்சும் வகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பைப்பைத் திறந்து வைத்து இன்ஸ்டாலேஷன் செய்தால் எவ்வளவு ஈரம் உள்ளே போகும் என்று யோசியுங்கள். பம்பை இருபது நிமிடம் ஓட்டினேன் என்பது கணக்கில்லை. 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, வால்வை மூடிய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். புரோபைப் பம்பின் வாயில் மாட்டினால் பம்பின் வேக்கத்தைத்தான் காட்டும். முடிந்த மட்டும் மெஷின் பக்கம் மாட்டுங்கள்.

6. எரியும் கேஸ், உப்புக் காற்று

ஆர்32 மெதுவாக எரியும் வகை, ஆர்290-உம் ஆர்600ஏ-வும் நன்றாகவே எரியும். கேஜ் பேட்டரியில் ஓடும் மின்சாதனம். ஏ2எல் (ஆர்32 வகை), ஏ3 (ஆர்290, ஆர்600ஏ வகை) கேஸ்களுக்கு ஏற்றது என்று மேனுவலில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியில்லாததை ஆர்290-இல் மாட்டாதீர்கள்.

உப்புக் காற்றுக்கு ஐபி 54 (தூசியும் நீர்த் தெறிப்பும் தாங்கும்) தரத்துக்குக் குறையாததாக எடுங்கள். பேட்டரி ஏஏ வகையாக இருந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சீசன் முடிந்து ஒரு மாதம் தொடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் முனைகளில் பச்சை பூத்துவிடும்.

7. ஹோஸும் அடாப்டரும்: மறந்துபோகும் செலவு

ஆர்22 அவுட்டோரின் சர்வீஸ் போர்ட் கால் இஞ்ச். ஆர்410ஏ, ஆர்32 மெஷின்களில் அது பெரும்பாலும் 5/16. கேஜோடு வரும் ஹோஸ் எந்த அளவு என்று பார்த்து, தேவையான அடாப்டரை அன்றே வாங்கிவிடுங்கள். விலை சொற்பம்தான், ஆனால் அது இல்லாமல் மாடி ஏறினால் அன்றைய வேலை போச்சு.

ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். வொர்க்கிங் 800 பிஎஸ்ஐ, பர்ஸ்ட் 4000 பிஎஸ்ஐ என்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த பழைய ஆர்22 ஹோஸை ஆர்32-க்குப் பயன்படுத்தாதீர்கள். 35 டிகிரியில் மெஷின் நின்றுகொண்டிருக்கும்போதே ஆர்22 ஸ்டாண்டிங் பிரஷர் 180 பிஎஸ்ஐ சுற்று, ஆர்32 என்றால் 300-ஐத் தாண்டும். நுனியில் பால் வால்வு (திருப்பினால் மூடிக்கொள்ளும் வால்வு) உள்ள ஹோஸ் கொஞ்சம் விலை கூடும். கையில் கேஸ் பீய்ச்சாமல் கழற்றலாம் என்பதற்காகவே வாங்குங்கள்.

8. எவ்வளவு ஆகும், எப்போது வாங்குவது?

விலை மாடலுக்கு மாடல், மாதத்துக்கு மாதம் மாறும். ஓர் உத்தேசம் மட்டும் சொல்கிறேன். ஒற்றை டிஜிட்டல் கேஜ் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். எலிடெக் மாதிரி கம்பெனிகளின் இரட்டைக் கேஜ் பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்கும். டெஸ்டோ, ஃபீல்ட்பீஸ் வகை இருபதாயிரத்துக்கு மேல், நான்கு வால்வும் வேக்கம் புரோபும் சேர்த்தால் இன்னும் நிறைய. சொல்கிற விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, ஹோஸ், கிளாம்ப், பெட்டி எல்லாம் சேர்ந்த விலையா என்று முதலிலேயே கேளுங்கள். ஆன்லைனில் மலிவாகத் தெரியும் பலவற்றில் கிளாம்ப் தனி விலை.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, முழுவதையும் கேஜில் போடலாமா? எடைத் தராசு, மைக்ரான் கேஜ், ரெகுலேட்டரோடு நைட்ரஜன் சிலிண்டர் மூன்றும் இல்லாதவர் போடக் கூடாது. அவை இல்லாமல் விலை உயர்ந்த கேஜ் சரியான வேலையைச் செய்து தராது. அவற்றை வாங்கிவிட்டு மிச்சத்தில் கேஜ் எடுங்கள்.

பணம் பற்றாதவர்கள் முத்ரா கடனைக் கேட்கலாம். சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், கடையிலிருந்து கொட்டேஷன், உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். ஆதார், பான் எண்களும் ஃபோனும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். கொட்டேஷனில் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள், கேஜுக்கு மட்டும் தனியாக வேண்டாம்.

வாங்க ஏற்ற காலம் மார்கழி, தை. மாசி பிறந்ததும் சர்வீஸ் ஃபோன் வரத் தொடங்கிவிடும். சித்திரையில் போனால் கேட்கிற மாடல் ஸ்டாக்கில் இருக்காது, பேரம் பேசவும் இடம் இருக்காது. அதோடு, புதிய கருவியை நெரிசலான சீசனில் பழக முடியாது.

9. பில்லும் வாரண்டியும்

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். “டிஜிட்டல் கேஜ் 1” என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆன்லைனில் வாங்கிய கேஜின் டிஸ்ப்ளே சீக்கிரமே போய்விட்டது. பில்லில் சீரியல் எண் இல்லை என்று சொல்லி விற்றவர் கையை விரித்துவிட்டார். வாங்கிய அன்றே கருவியின் பின்பக்க ஸ்டிக்கர், பில், பெட்டி மூன்றையும் ஒரே ஃபோட்டோவில் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். ஸ்டிக்கர் எழுத்து நாளாக நாளாக ஆயில் பட்டு அழிந்துவிடும். வாரண்டியில் சென்சார், கிளாம்ப் சேருமா என்று கார்டைப் பாருங்கள். பழுது பார்க்க எங்கே அனுப்ப வேண்டும், போய்வரும் கூரியர் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். நம் ஊரிலேயே பழுது பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்களுக்கு நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடலூரும் புதுச்சேரியும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் வேறு வேறு மாநிலம். தமிழ்நாட்டுக் குறியீடு 33, புதுச்சேரி 34. கடலூரில் பதிவு செய்த நீங்கள் புதுச்சேரிக் கடையில் வாங்கினால், உங்கள் எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி போட்ட பில் கேளுங்கள். அவசரத்தில் உள்ளூர் வாடிக்கையாளருக்குப் போடுவது போல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டால் அந்த வரியை நீங்கள் கிரெடிட் எடுப்பது சிக்கலாகும். 20,000 ரூபாய்க் கருவியில் அது 3,600 ரூபாய். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஆடிட்டருக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.

புதுச்சேரியில் பல குடும்பங்களில் பிரான்சில் யாராவது இருப்பார்கள். “மாமா வரும்போது வாங்கி வரச் சொல்லலாம்” என்ற யோசனை வரும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்குமா என்று அந்தக் கம்பெனியின் இந்திய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சொல்லி அனுப்புங்கள். வெளிநாட்டுத் தளத்திலிருந்து கூரியரில் வரவழைப்பதோ வேண்டவே வேண்டாம். சுங்க வரி சேரும், புளூடூத் உள்ள சாதனம் என்பதால் அனுமதி கேட்டு நிறுத்தி வைக்கவும் கூடும்.

10. கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

கூச்சப்படாதீர்கள். அரை மணி நேரம் கேளுங்கள், “அண்ணே, ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கறேன்” என்று சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

முதலில் எல்லா வால்வையும் திறந்து, ஹோஸ் எதுவும் இல்லாமல் ஜீரோ செய்யுங்கள். அணைத்துத் திரும்பப் போட்டாலும் இரண்டு பக்கமும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். உயரத்தைக் கேட்கும் மாடல் என்றால் நம் ஊருக்குப் பூஜ்யம் மீட்டர் போதும்.

அடுத்து கிளாம்ப். ஒரு டம்ளரில் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கலக்கி, சென்சார் நுனி நனையும்படி வையுங்கள். நுனி நனையலாமா என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், நனையக் கூடாது என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். சற்று நேரத்தில் 0 டிகிரிக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி நிற்க வேண்டும். இரண்டு கிளாம்பும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்குள் காலையிலிருந்தே இருக்கும் ஆர்32 சிலிண்டரில் கேஜை மாட்டுங்கள். உள்ளே திரவம் இருக்கிறவரை, சிலிண்டரின் பிரஷர் அந்த அறையின் வெப்பநிலைக்கு ஏற்றதாகவே இருக்கும். 30 டிகிரி என்றால் ஆர்32-க்கு 265 பிஎஸ்ஐ, ஆர்410ஏ-க்கு 259, ஆர்22-க்கு 158. கேஜில் அந்தக் கேஸைத் தேர்ந்தெடுத்தால் காட்டும் கொதிநிலை, சிலிண்டர் மேல் மாட்டிய கிளாம்பின் ரீடிங்கோடு பொருந்த வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் வேறொரு சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் கோளாறு கேஜில் இல்லை, முதல் சிலிண்டரின் கேஸில். கேஸ் வாங்கும்போதும் இதே சோதனையைச் செய்யலாம்.

கடைசியாக, வால்வுகளை மூடி உள்ளே பிரஷரைப் பிடித்து வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். இறங்கக் கூடாது.

11. கம்பெனி வேலைக்குக் காலிபிரேஷன் சான்று

வீட்டு வேலைக்கு இது தேவையில்லை. கடலூர் சிப்காட், நெய்வேலி, சேதராப்பட்டு போன்ற இடங்களில் உள்ள கம்பெனிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் ஆண்டு ஒப்பந்தம் எடுக்க நினைப்பவர்களிடம் கேஜின் காலிபிரேஷன் சான்று (சரியாக அளக்கிறது என்று சோதித்துத் தரும் சான்று) கேட்பது வழக்கம். பெட்டிக்குள் வரும் கம்பெனிச் சான்றைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபின் சான்றுதான் வேண்டும் என்பார்கள். டெண்டர் போடும் முன் எது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓராண்டுக்கு மேற்பட்ட சான்றை ஏற்க மாட்டார்கள்.

லேபுக்கு அனுப்பும்போது பிரஷர், வெப்பநிலை இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பிரஷருக்கு மட்டும் வாங்கிவந்த சான்றால் பயன் பாதிதான். கிளாம்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள். போய்த் திரும்பச் சில வாரம் ஆகலாம் என்பதால் மழைக்காலத்தில் அனுப்புவது நல்லது. சான்றில் உள்ள சீரியல் எண்ணும் கேட் பாஸில் எழுதும் சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே வரும்போது செக்யூரிட்டியில் நிற்க நேரிடும்.

12. வாங்கிய பிறகு முதல் சில வாரம்

முள் கேஜை உடனே தூக்கி எறிய வேண்டாம். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, எந்த அளவு வித்தியாசம் வருகிறது என்று குறித்துவையுங்கள். பின்னால் டிஜிட்டலில் சந்தேகம் வந்தால் ஒப்பிட அது உதவும். ஒவ்வொரு நாளும் முதல் மெஷினில் மாட்டும் முன் ஜீரோ செய்யுங்கள். ஆட்டோ ஆஃப் நேரத்தைச் செட்டிங்கில் நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் லீக் டெஸ்ட் நடுவில் அணைந்துவிடும்.

லீக் டெஸ்டில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். மதியம் 35 டிகிரியில் நைட்ரஜனை 400 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டு, மாலை 30 டிகிரியில் வந்து பார்த்தால் கசிவே இல்லாமல் 7 பிஎஸ்ஐ வரை இறங்கியிருக்கும். முள் கேஜில் இது கண்ணில் படாது, டிஜிட்டலில் பளிச்சென்று தெரியும், லீக் என்று பயந்து ஃபிளேர் நட்டையெல்லாம் கழற்றத் தோன்றும். வெப்பநிலையைச் சேர்த்துக் கணக்கிடும் லீக் டெஸ்ட் மோடு உங்கள் கேஜில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று எக்காரணம் கொண்டும் ஆக்சிஜனை ஏற்றாதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

வேலை முடிந்ததும் ரீடிங்கை ஆப்பில் சேமித்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சார்ஜ் செய்த கிராம், வேக்கம் மைக்ரான், சூப்பர்ஹீட் மூன்றும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே மெஷினுக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கும் அது வேண்டும்.